கவிதா மண்டலத்து வழக்கு

ஓர் ஆசிரியனை நேசிக்கும் ரசிகர்கள் ஒன்றுகூடினால், அவனுடைய நூல்களைப் பாராயணம் செய்து மகிழ்வதோடு திருப்தி அடைந்துவிடுவதில்லை. அவனுக்கு எந்த ஸ்தானம் கொடுப்பது, அவனை யாரோடு ஒப்பிடுவது, அவனுடைய புகழில் அவனுக்கு முன்னிருந்தவர்களின் பங்கு எவ்வளவு என்றெல்லாம் வெகுநேரம் வாதாடவும் செய்கிறார்கள். சொந்தமாக எழுதிய விஞ்ஞானக் கற்பனை நாவலுக்கு 1959-ஆம் வருஷத்தில் ஹ்யூகோ பரிசு பெற்ற ஜேம்ஸ் பிளிஷ், 1967 முதல் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடரின் கதைகளைப் புத்தகங்களாக எழுதினார். அவரைப் போலப் பிறர் படைத்த உலகத்துக்குள் புகுந்து எழுதுகிறவர்களை ஆசிரியர்கள் என்று கொள்வதா, கூலிக்கு எழுதுகிறவர்கள் என்று தள்ளுவதா என்ற சர்ச்சை அந்த வகை நூல்களின் அபிமானிகளிடையே இன்னும் அடங்கவில்லை. இரவல் கதையை எடுத்துக்கொண்டவனுக்கு எவ்வளவு பெருமை உரியது என்ற கேள்வியும், அபிமானிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஓர் ஆசிரியனை நிறுத்துப் பார்க்கும் பழக்கமும், அந்தத் தொடர் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே தமிழ்நாட்டில் வேரூன்றியவை. அவற்றின் பூர்வ சரித்திரத்தைத் தேடிப் போகிறவன் புதுச்சேரிப் பட்டணத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்.

1908-ஆம் வருஷத்தில் ‘இந்தியா’ பத்திரிகையின் மீது ஆங்கில அரசாங்கத்தின் கோபம் பாய்ந்தபோது, சுப்பிரமணிய பாரதியார் பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த இந்தச் சிறிய ஊரில் அடைக்கலம் புகுந்தார். பத்திரிகையும் பின்தொடர்ந்து வந்து, 1910-ஆம் வருஷத்துத் தொடக்கம் வரையில் இங்கிருந்தே வெளியாயிற்று. அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் அரவிந்தரும், பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். எல்லைக்கு அப்பால் போனால் சிறை, எல்லைக்குள் இருந்தால் ஒற்றர்களின் காவல் என்ற நிலையில் வாழ்ந்த அந்தச் சுதேசிகளுக்குப் பணம் குறைவு, பொழுது அதிகம். ஆகவே ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவிலிருந்த பாரதியார் வீட்டிலும், அரவிந்தரின் இல்லத்திலும், கடற்கரையிலும், முத்தியால்பேட்டைத் தோப்பிலும் அவர்களுடைய சம்பாஷணை ஓயாமல் நடந்தது. வேதத்திலிருந்து ஐரோப்பிய காவியங்கள் வரையில் அதற்கு எல்லை இருக்கவில்லை. அரவிந்தரோடு தங்கியிருந்து, பாரதியாரிடம் தீராத பக்தி கொண்டுவிட்ட வ. ராமஸ்வாமி ஐயங்கார் என்னும் இளைஞர் அந்தச் சம்பாஷணைகளைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரே பின்னாளில் வ.ரா. என்ற பெயரால் தமிழுலகம் அறிந்தவர்.

உள்ளூரிலும் ஒரு சிஷ்யர் கிடைத்தார். 1891-ஆம் வருஷத்தில் இவ்வூரில் பிறந்து, பிரெஞ்சு அரசாங்கப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த கனக சுப்புரத்தினம், பாரதியார் எதிரிலேயே சக்தியைப் பற்றி ஒரு பாட்டு எழுதிக் காட்ட, அதைச் சென்னைச் ‘சுதேசமித்திர’னுக்கு அனுப்பிய பாரதியார், எழுதியவரைத் தம்முடைய கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று குறித்தனுப்பினார் என்பது பிரசித்தமான செய்தி. சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். ஒரு கவிஞனைச் சூழ்ந்து நிற்கும் ரசிகர் கூட்டத்துக்கு, அந்தக் கவிஞனுடைய வாயாலேயே நாமகரணம் நடந்த சம்பவம் இது.

அந்த மண்டலத்தின் நடுவிலிருந்தவர் எழுதியவற்றின் போக்கையும் இங்கே கவனிக்க வேண்டும். 1910-இல் நூலாக வந்த ‘ஞானரத’த்தில் மனமாகிய தேரின் மேலேறிக் கந்தர்வ லோகம், சத்திய லோகம் முதலிய உலகங்களுக்குப் பிரயாணம் செய்கிறார், அதே வருஷத்தில் வானத்தில் தோன்றிய ஹாலியின் தூமகேதுவைப் பற்றி, வானநூலார் கண்டு சொன்னதையும் ஜனங்களின் நம்பிக்கையையும் சேர்த்துப் பாட்டு எழுதுகிறார். விஞ்ஞானமும் கற்பனையும் தமிழ் உரைநடையிலும் செய்யுளிலும் கைகோத்து நடக்கத் தொடங்கிய காலம் அது. ஆயினும் 1912-இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற் பாகத்தை வெளியிட்டபோது, அவர் புதிதாக எந்த உலகத்தையும் சிருஷ்டிக்கவில்லை, வியாசர் கட்டிய மாளிகைக்குள்ளே நுழைந்தார். தம்முடைய முன்னுரைக் குறிப்பில், அந்நூலைப் பெரும்பாலும் வியாச பாரதத்தின் மொழிபெயர்ப்பென்றே கருதலாமென்றும், கற்பனையில் தமக்குச் சொந்தமானது அதிகமில்லையென்றும், தமிழ் நடைக்கே தாம் பொறுப்பாளி என்றும் அவரே எழுதி வைத்தார். பிறகு வந்த தர்க்கங்களுக்கெல்லாம் தலையாய சாட்சியத்தை, வழக்கு எழுவதற்கு முன்பே, பிரதிவாதி தம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

நிறுத்துப் பார்க்கும் தராசைக் கொணர்ந்தவர் வ.வே.சு. ஐயர். 1919-இல் வந்த ‘கண்ணன் பாட்டி’ன் இரண்டாம் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரை, நண்பர் நண்பரைப் புகழும் சம்பிரதாய வாழ்த்தாக இல்லாமல், ஆழ்வார்களின் பாசுர மரபு எங்கே முடிகிறது, பாரதியாரின் புதுமை எங்கே தொடங்குகிறது என்று ஆராய்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் ஆசிரியரே ஆவேசத்தோடு இவற்றைப் பாடக் கேட்டவர்கள் இவற்றின் அருமையை நன்கு அறிவார்கள் என்னும் கருத்தையும் அதில் சொல்லியிருக்கிறார். பின்னர் சிறையிலிருந்தபோது கம்பனைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சியில் ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரைக் கம்பனுக்கு அருகே நிறுத்தி அளந்தார். தமிழ்க் கவியை உலகக் கவிகளின் பக்கத்தில் கூச்சமின்றி நிறுத்தும் இந்தத் துணிவு புதுச்சேரிச் சம்பாஷணைகளில் வளர்ந்ததென்று கருதுவது பொருந்தும். பிற்பாடு 1935-இல் மூண்ட பெரிய விவாதத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் கையில் எடுத்தது இந்த அளவுகோலைத்தான்.

அவ்விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் வ.ரா. ஷேக்ஸ்பியர், ஷெல்லி, தாகூர் முதலியோரைக் காட்டிலும் பாரதியார் உயர்ந்தவர் என்ற தொனியில் அவர் பேச, ‘ஆனந்த விகடன்’ ஆசிரியராயிருந்த கல்கி அதை மறுத்தெழுதினார். பாரதியார் சிறந்த கவி, தேசிய கவி. ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத் தகுந்தவர் அல்லர் என்பது அவர் கட்சி. மறுத்தவர் பாரதியாரின் விரோதி அல்லர்; தேச பக்தியை அந்தப் பாடல்களிலிருந்து கற்றுக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர், அந்தப் பாடல்களைப் பரப்புவதில் யாருக்கும் சளைக்காதவர். ஆகவே இது அபிமானிகளுக்கும் பகைவர்களுக்கும் நடந்த போராக இல்லாமல், ஒரே தெய்வத்தின் சந்நிதியில் நின்ற இரண்டு பக்தர்களின் வழக்காக அமைந்தது. ‘மணிக்கொடி’ எழுத்தாளர்களான கு.ப. ராஜகோபாலனும் சிட்டி என்னும் பெ.கோ. சுந்தரராஜனும் வ.ரா.வின் பக்கம் சேர்ந்து, ஆவேசத்தை மட்டும் நம்பாமல் பாடல்களையே எடுத்துவைத்து வாதித்து எழுதியவை 1937-இல் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலாயின. தற்காலத் தமிழ்க் கவி ஒருவரைப் பற்றிய விமரிசன நூல்களில் அது முன்னோடியான ஒன்று.

மகாகவி என்றால் மகாகாவியம் வேண்டுமென்ற பழைய இலக்கணத்தை மனத்தில் கொண்டு பார்க்கிறவர்களுக்கு, ‘பாஞ்சாலி சபதம்’ வியாசருடையதா, பாரதியாருடையதா என்ற ஐயம் எழுவது இயல்பே. கதை வியாசருடையது, சூதும், துகிலுரிதலும், சபதமும் அவருடையவை. ஆனால் அஸ்தினாபுரத்துக்குப் போகும் வழியில் அர்ஜுனன் பாஞ்சாலிக்குக் காட்டும் அந்த அந்திவானம் பாரதியாருடையது. நாட்டைப் பணயமாக வைத்த தருமனை, தான் பூசை செய்யும் விக்கிரகத்தையே விற்றுவிடும் அர்ச்சகனுக்கு ஒப்பிட்டுச் சினந்து கேட்கும் குரலும், பாஞ்சாலியைத் தெருவழியே இழுத்துப் போகக் கண்டும் அழுதுகொண்டு நின்ற ஊர் ஜனங்களை இகழும் குரலும் வியாசருடையவை அல்ல. அவை அந்நிய ஆட்சியில் வாய் பொத்தி நின்ற ஒரு நாட்டைப் பார்த்து, நாடு கடந்து வாழ்ந்த ஒருவன் எழுப்பிய குரல்கள். இவற்றை வைத்துப் பார்க்கும்போது, பாரதியார் தமது முன்னுரையில் சொல்லிக்கொண்டது விநயமே தவிரத் தீர்ப்பு ஆகாதென்று நான் உறுதியாக நம்புகிறேன். கதை யாருக்குச் சொந்தம் என்று பத்திரம் பார்ப்பது இலக்கியத்தில் நியாயம் வழங்கும் முறை அன்று. கவியின் கைக்கு வந்த கதை, அவன் கையை விட்டுப் போகும்போது என்னவாகி இருக்கிறது என்று பார்ப்பதே முறை. அப்படிப் பார்க்காவிட்டால் கம்பனும் வால்மீகியின் நிழலில் மறைந்து போவான்.

சிஷ்யரோ, கிடைத்த கதைக்குள் புகுந்து, அந்தக் கதையோடேயே வழக்காடினார். 1930-இல் வந்த பாரதிதாசனின் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’, அனுமான் பெயர்த்தெடுத்ததாக இராமாயணம் கூறும் மலையையே நாடக மேடையாகக் கொள்கிறது. குப்பனும் வஞ்சியும் அங்கே தின்னும் மூலிகைகளில் ஒன்று உலகத்தார் பேச்சைக் காதில் சேர்க்கிறது. மற்றொன்று தூரத்துக் காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது. வானொலி தமிழர் வீடுகளில் புகாத நாளில் தோன்றிய இந்தக் கற்பனையின் துணையால், இராமாயணப் பிரசங்கத்தைக் கேட்டு நடுங்கும் ஓர் ஆண்மகனுக்குப் பகுத்தறிவையும் பெண்ணின் உரிமையையும் ஒருசேர உபதேசிக்கிறார் கவிஞர். மகாகவி விவாதம் மூண்ட அதே 1935-இல், அவர் தம் ஆசிரியர் முன்னொரு நாள் கொடுத்த பெயரையே கொண்டு ‘ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்’ என்னும் கவிதைப் பத்திரிகையைத் தொடங்கியதை எண்ணும்போது, கட்டுரையால் வாதாடாமல் புதிய கவிதைகளைக் கொண்டே அவர் தம் சாட்சியத்தைச் சொன்னாரென்று தோன்றுகிறது.

வழக்கு எவ்வாறு முடிந்தது என்றால், மத்தியஸ்தர் ஒருவரும் தீர்ப்பளிக்கவில்லை. வ.ரா. 1944-இல் தம்முடைய புதுச்சேரி ஞாபகங்களையெல்லாம் திரட்டி ‘மகாகவி பாரதியார்’ என்னும் சரித்திரத்தை வெளியிட்டார். மகாகவி அல்லர் என்று வாதித்த கல்கியோ, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்புவதற்காக ஊரூராக ஜனங்களிடம் நிதி திரட்டி, 1945-இல் அடிக்கல் நாட்டுவித்து, 1947-இல் அதைத் திறப்பிக்கவும் செய்தார். வாதத்தில் எதிரெதிராக நின்ற இருவரும் தொண்டில் ஒரே திசையில் நடந்ததுதான் இந்தச் சரித்திரத்தில் நாம் போற்ற வேண்டிய அம்சம்.

இன்று புதுச்சேரியில் பாரதியார் குடியிருந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. வீடுகளைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. அந்த வீடுகளில் பிறந்த பழக்கத்தைக் காப்பது வாசகர்களின் கடமை. நேசிக்கிற ஆசிரியனையும் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்து பார்ப்பது, மாற்றுக் கட்சியைச் சொல்கிறவனும் அதே ஆசிரியனின் அன்பனாக இருக்கக்கூடுமென்று நம்புவது, இரவல் கதை என்ற காரணத்தால் எவனையும் வாசலிலேயே நிறுத்திவிடாமல் உள்ளே அழைத்துக் கேட்பது ஆகிய மூன்றும் அந்தப் பழக்கத்தின் லட்சணங்கள். நாவலாசிரியனைப் பற்றியோ, திரைக்கதை எழுதுகிறவனைப் பற்றியோ, வான வெளிக் கதைகளை எழுதுகிறவனைப் பற்றியோ இனி எத்தனை தர்க்கங்கள் எழுந்தாலும், இம்மூன்றும் உள்ள வரையில் அவற்றால் இலக்கியத்துக்கு லாபமே உண்டாகும்.