குப்பை அஞ்சலில் சிக்கும் நல்ல கடிதங்கள்

கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடை ஆனாலும், பிரிக்பீல்ட்ஸ் கணக்கர் அலுவலகம் ஆனாலும், காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் ‘ஸ்பேம்’ எனப்படும் குப்பை அஞ்சல் வந்து குவிந்திருக்கும். அதைத் தடுக்க வடிகட்டி அவசியம். ஆனால், அது சில வேளைகளில் நல்ல கடிதத்தையும் பிடித்து வைத்துவிடும்.

1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனம் ஏறக்குறைய 400 பேருக்கு அனுப்பிய விளம்பரமே முதல் குப்பை அஞ்சல் எனப்படுகிறது. 2002-இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சொற்களைக் கொண்டு நிகழ்தகவு கணக்கிடும் முறை பரவலானது.

இன்றைய வடிகட்டிகள் சொற்களோடு அனுப்புநரின் முகவரி, இணைப்புகள் ஆகியவற்றையும் பார்த்து மதிப்பெண் போடுகின்றன. மதிப்பெண் எல்லை தாண்டினால் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும். ‘தீபாவளித் தள்ளுபடி’ என்ற உண்மையான கடிதமும் மோசடிக் கடிதம் போலவே அதற்குத் தெரியலாம்.

வடிகட்டி அதிகம் சந்தேகிப்பது அறிமுகம் இல்லாதவர்களை. புதிய வாடிக்கையாளரும் அறிமுகம் இல்லாதவர்தான். தோட்டத்திலிருந்து முதன்முறையாக வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையும் அப்படித்தான்.

தினமும் 200 நல்ல கடிதங்கள் வரும் அலுவலகத்தில் வடிகட்டி ஆயிரத்தில் ஒன்றை மட்டும் தவறாகப் பிடித்தாலும், ஐந்து நாளைக்கு ஒரு கடிதம் மறைந்துவிடும். குப்பை ஒன்று தப்பி உள்ளே வந்தால் அழிக்கச் சில விநாடி போதும். மறைந்த கடிதம் ஒருவரின் வேலையாக இருக்கலாம். எனவே வடிகட்டியை அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம்.

அலுவலகங்கள் செய்ய வேண்டியவை:

* சந்தேகக் கடிதங்களை உடனே அழிக்காமல் தனிப்பெட்டியில் வைக்கவும். ஜிமெயில் அவற்றை 30 நாளில் தானாக அழித்துவிடும்.
* தினமும் ஒருவர் அந்தப் பெட்டியைப் பார்க்கட்டும். நல்ல கடிதத்தை ‘ஸ்பேம் அல்ல’ என்று குறித்தால் வடிகட்டியும் கற்றுக்கொள்ளும்.
* பார்க்கும்போது இணைப்புகளைத் தட்ட வேண்டாம். மோசடியில் பணம் போனால் உடனே வங்கிக்கும் 997 எண்ணுக்கும் அழைக்கவும்.

விண்ணப்பம் அனுப்புவோர் தலைப்பில் பெயரையும் பதவியையும் தெளிவாக எழுதுங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். உங்கள் ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கே காத்திருக்கலாம்.