கோப்பு எங்கே போயிற்று?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, என் கணிப்பொறியில் புதிய இயங்குதளம் ஒன்றை நிறுவினேன். பணி முடிந்து திரை ஒளிர்ந்தபோது என் கோப்புகளில் ஒன்றையும் காணவில்லை. எங்கள் ஊர் ஏரியின் மதகுகளையும் வாய்க்கால்களையும் நீர்ப் பங்கீட்டையும் பற்றி என் தந்தையார் மூன்று ஆண்டுகளாகச் சொல்லச் சொல்ல, நான் தட்டெழுதி வைத்த நாற்பது கட்டுரைகளும் அவற்றுள் அடங்கும். அவருக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. பெயர்கள் மறக்கத் தொடங்கியிருந்தன. மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்க இயலாது. "எல்லாம் பத்திரமாக இருக்கிறதல்லவா, தம்பி?" என்று அவர் வினவியபோது, "இருக்கிறது அப்பா" என்று பொய் சொன்னேன்.

அந்தக் கலக்கமே ஒரு வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டிற்று. கணிப்பொறியில் கோப்பு எங்கே இருக்கிறது? அதற்கு முகவரி அமைத்தவர் யார்? அம்முகவரி ஏன் மாறுகிறது?

1961ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர் குழுவினரும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். பலர் ஓரிடத்தில் கூடினால், அவரவர் பொருளை அவரவர் எளிதில் கண்டெடுக்க வழி வேண்டுமன்றோ? ஆகவே அம்முறையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கோப்புப் பட்டியல் வகுக்கப்பட்டது. 1965இல் டேலி, நியூமன் என்னும் இருவர் மல்டிக்ஸ் என்ற அமைப்புக்காக எழுதிய கட்டுரை, பட்டியலுக்குள் பட்டியலாக எத்தனை நிலைகளும் அமையலாம் என்று காட்டிற்று. வேரும் கிளையும் சிறுகிளையுமாக நாம் இன்று காணும் கோப்புறை மரத்தின் வடிவம் அதுவே.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸ், ஒரு நுட்பத்தைத் தெளிவாக்கிற்று. அதில் கோப்பு ஓர் எண்ணால் அறியப்படும். பெயரோ, அவ்வெண்ணுக்கு எதிரே கோப்புறையில் எழுதிவைத்த குறிப்பு மட்டுமே. பெயரை மாற்றினாலும் கோப்பின் உள்ளடக்கம் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். பெயர் வேறு, பொருள் வேறு என்பது இதனால் விளங்கும். தொடக்க கால யூனிக்ஸில் பயனர்களின் கோப்புகள் 'யு.எஸ்.ஆர்.' என்னும் கிளையில் இருந்தன. நாளடைவில் அக்கிளை நிரல்களுக்கு உரியதாயிற்று; பயனர்கள் 'ஹோம்' முதலிய வேறு கிளைகளுக்குக் குடிபெயர்ந்தனர். குளம் தூர்ந்த பின்னும் குளக்கரைத் தெரு என்னும் பெயர் நிற்பதுபோலப் பழைய பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இனி, நம் வீடுகளில் வழங்கும் கணிப்பொறிக்கு வருவோம். 1981இல் வந்த எம்.எஸ்.டாஸ் முதற்பதிப்பில் உட்கோப்புறைகளே இல்லை. சிறிய நெகிழ்வட்டுக்கு ஒரு பட்டியல் போதுமானதாக இருந்தது. 10 மெகாபைட் வன்வட்டு பொருத்திய கணிப்பொறி 1983இல் வந்தபோது, இரண்டாம் பதிப்பும் உட்கோப்புறைகளுடன் வந்தது. விண்டோஸ் 2000 பயனர் கோப்புகளை 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்னும் இடத்தில் வைத்தது. 2007 சனவரியில் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டா அவ்விடத்தை 'யூசர்ஸ்' என்று மாற்றிற்று. பழைய முகவரியை நம்பியிருந்த நிரல்கள் தடுமாறாதிருக்க, பழைய பெயரும் ஒரு கைகாட்டியாக விட்டுவைக்கப்பட்டது. ஆனால் அதை நாம் திறக்க முயன்றால், அனுமதி இல்லை என்ற விடையே வரும்.

இத்தகைய இடமாற்றங்களில் பிழை நேர்ந்தால் விளைவு கொடிது. 2018 அக்டோபர் 2ஆம் நாள் வெளியிடப்பட்ட விண்டோஸ் 10 மேம்பாட்டை ஒரு சில நாட்களில் நிறுத்திவைக்க நேர்ந்தது. சிலர் தம் ஆவணக் கோப்புறையை வேறோர் இடத்துக்கு மாற்றியமைத்திருந்தனர். ஆயினும் பழைய இடத்திலும் சில கோப்புகள் எஞ்சியிருந்தன. அப்பழைய கோப்புறை இனித் தேவையற்றது எனக் கொண்டு, மேம்பாடு அதனை உள்ளிருந்தவற்றோடு நீக்கிவிட்டது. பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றில் ஒரு பங்கின் நூற்றில் ஒரு பங்கே என்று நிறுவனம் கூறிற்று. இத்தகைய இழப்பைப் பற்றிச் சோதனைப் பயனர் சிலர் முன்னரே எழுதியிருந்தும், அக்குறிப்புகள் உரிய கவனம் பெறவில்லை. திருத்திய பதிப்பு நவம்பர் 13ஆம் நாள் வந்தது. எண்ணிக்கையில் சிறிதாயினும், இழந்தவருக்கு அது முழு இழப்பேயாகும்.

என் கதைக்குத் திரும்புகிறேன். தேடுபெட்டியில் 'மதகு' என்று எழுதித் தேடினேன், ஒன்றும் கிட்டவில்லை. காரணம் பின்னரே புலப்பட்டது. நான் தட்டெழுதியது பழைய எழுத்துரு ஒன்றில். அவ்வகை எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள், பிற எழுத்துகளுக்கு உரிய எண்களில் மறைந்திருக்கும். தமிழக அரசு 1999இல் 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளை ஏற்றது. 2010இல் யூனிக்கோடைத் தரமாக அறிவித்தது. யூனிக்கோடில் தேடினால் பழைய குறியீட்டுச் சொல் அகப்படாது. என் கண்ணுக்கு 'மதகு' என்று தோன்றியது, கணிப்பொறிக்கு வேறு எழுத்துகளின் குவியலே.

ஆகவே சொல்லை விட்டுக் கோப்பின் நாளையும் அளவையும் கொண்டு தேடினேன். நான்காம் நாள், 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையின் ஆழத்தில் நாற்பதும் இருந்தன. புதிய இயங்குதளம் பழையதை அங்கே ஒதுக்கி வைத்திருந்தது. நிறுவும்போது, கோப்புகளைத் தக்கவைக்கலாமா என்ற வினாவைப் படியாமல் கடந்தவன் நானே, குற்றம் என்னுடையது. இவ்வாறு ஒதுக்கியவை, விண்டோஸ் 10இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பத்து நாளில் தாமே நீக்கப்படும். இன்னும் ஆறு நாள் சோர்ந்திருந்தால், ஓர் ஊரின் நீர்க்கணக்கு என் தந்தையாரின் மங்கிய நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

அன்றே நாற்பதையும் யூனிக்கோடுக்கு மாற்றி, இரு வேறு வட்டுகளில் படியெடுத்து, ஒரு படியைத் தங்கை வீட்டில் வைத்தேன். கரையைப் பார்க்காமல் மதகைத் திறக்கலாகாது என்பார் என் தந்தையார். இயங்குதளத்தை மாற்றும் முன் படியெடுப்பதும் அத்தகையதே. நண்பர்களே, காணாத கோப்பெல்லாம் அழிந்த கோப்பு அன்று. ஆயினும் தேடுவதற்குக் காலம் அளவற்றதும் அன்று.

அன்று மாலை அவர் மறுபடியும் கேட்டார். "இருக்கிறது அப்பா" என்றேன். இம்முறை அது உண்மையாக இருந்தது.