கபடியில் அவுட்டானாலும் திரும்ப உள்ளே வரலாம்! கோடை முகாம் குட்டீஸ்களுக்கு 5 நாள் விளையாட்டும் வேத பாடமும்

புளியங்குடி:

முழுப்பரீட்சை முடிந்தாச்சு, லீவும் விட்டாச்சு. தென்காசி மாவட்டம் புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் காலையிலேயே பசங்க தெருவுக்கு வந்து விடுகிறார்கள். அப்பா எலுமிச்சை மார்க்கெட்டுக்கும், அம்மா தறிக்கோ காட்டு வேலைக்கோ போய் விட்டால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. கிணறு, குளம் என்று போய் விடுவார்களோ என்ற பயம் ஒவ்வொரு தாய்க்கும் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் தேவாலயங்களில் 'வி.பி.எஸ்.' எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்குகிறது. பாட்டு, கதை, படம் வரைதல் என்று போகும் இந்த முகாமில் பசங்க அதிகம் எதிர்பார்ப்பது விளையாட்டு நேரத்தைத்தான். அந்த விளையாட்டையே பாடமாக மாற்றினால் என்ன? விளையாட்டை மையமாக வைத்து 5 நாள் முகாம் நடத்துவது எப்படி என்று பார்ப்போம்.

மதுக்கடையில் பிறந்த பள்ளி

விடுமுறை வேதாகமப் பள்ளி பிறந்த கதையே சுவாரசியமானது. 1898-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்குப் பகுதியில், கோடை விடுமுறையில் பிள்ளைகள் தெருவில் சுற்றித் திரிந்தார்கள். இதைப் பார்த்த ஹாஸ் என்ற பெண்மணி அவர்களுக்குப் பள்ளி நடத்த இடம் தேடினார். அவருக்குக் கிடைத்தது பீர் விற்கும் ஒரு கூடம். அதையே வாடகைக்குப் பிடித்து வகுப்பு நடத்தினார். 1901-ல் ராபர்ட் போவில் என்ற போதகர் இதே முறையைப் பல இடங்களுக்குக் கொண்டு போனார். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் லீவில் எங்கே போவார்கள் என்ற கவலையில்தான் இந்தப் பள்ளி பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கூடைப்பந்து வந்த வழி

விளையாட்டும் கிறிஸ்தவ ஊழியமும் சேர்ந்து நடப்பது புதிதல்ல. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில்தான் இரண்டு பெரிய விளையாட்டுகள் பிறந்தன.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், குளிர்காலத்தில் அறைக்குள்ளேயே விளையாட ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. முட்டி மோதாமல் விளையாட வேண்டும் என்று யோசித்த ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பழக்கூடைகளை மாட்டி பந்தைப் போடச் சொன்னார். 13 விதிகளையும் எழுதினார். அதுதான் கூடைப்பந்து. 1895-ல் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வாலிபாலை உருவாக்கினார். இன்று நம் தென் மாவட்டங்களில் வாலிபால் நெட் கட்டாத ஊர் குறைவு.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம் பள்ளிக்கூடங்களில் பி.டி. வாத்தியார் என்ற வேலை பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 1924 பாரீஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் அவர்தான்.

முதல் நாள்: ஓட்டம்

முதல் நாள் எலுமிச்சை-கரண்டி ஓட்டத்தில் தொடங்கலாம். எலுமிச்சைக்குப் பேர் போன புளியங்குடியில் பழத்துக்கா பஞ்சம்? கரண்டிக் காம்பை வாயில் கவ்வி, பழம் விழாமல் நடக்க வேண்டும். விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று சொல்லாதீர்கள். நின்று, எடுத்து வைத்துக்கொண்டு, தொடர விடுங்கள். ஆட்டம் முடிந்ததும் பழத்தைக் கழுவிப் பிழிந்து, உப்பு, சர்க்கரை போட்டுக் கொடுத்து விடலாம்.

பாடம்: 1 கொரிந்தியர் 9-ம் அதிகாரம். கூடாரம் தைக்கும் தொழில் செய்த பவுல், கிரேக்க நாட்டின் கொரிந்து நகரில் ஒன்றரை வருடம் தங்கியிருந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இஸ்த்மியா என்ற இடத்தில் 2 ஆண்டுக்கு ஒரு முறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஜெயித்தவருக்குத் தங்கமோ வெள்ளியோ பதக்கம் கிடையாது. இலைகளால் பின்னிய கிரீடம்தான். வாடிப்போகும் அந்த இலைக்காகவே வீரர்கள் இவ்வளவு பயிற்சி எடுக்கிறார்களே, வாடாத பரிசுக்காக நாம் எவ்வளவு ஓட வேண்டும் என்று பவுல் கேட்கிறார்.

கைவேலை: ஒவ்வொரு பிள்ளையும் மாவிலையை ஈர்க்குச்சியால் கோர்த்து ஒரு கிரீடம் செய்யட்டும். பெயர் எழுதி ஆணியில் மாட்டி வையுங்கள். 5-ம் நாள் அது தேவைப்படும்.

2-ம் நாள்: கபடி

கபடி சொல்லித் தர இந்தப் பக்கம் ஆள் தேட வேண்டாம். ஆனால் அதில் ஒளிந்திருக்கும் ஒரு விதியைப் பலரும் கவனிப்பதில்லை.

இசை நாற்காலியில் ஒருவன் அவுட் ஆனால் அவ்வளவுதான், ஓரமாக உட்கார வேண்டும். அதிலும் யார் முதலில் வெளியேறுகிறார்? மெலிந்தவன், சின்னப்பையன், கூச்சப்படுகிறவள். விளையாட்டு யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களுக்குத்தான் அது சீக்கிரம் முடிந்து விடுகிறது.

கபடி அப்படி இல்லை. பாடிப் போன நம் ஆள் எதிரணியில் ஒருவரைத் தொட்டு விட்டு வந்தால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம்மவர் ஒருவர் உள்ளே வரலாம். பாடி வந்த எதிரணி ஆளை மடக்கிப் பிடித்தாலும் அப்படித்தான். முதலில் அவுட் ஆனவர்தான் முதலில் திரும்புவார். அவர் திரும்பி வருவது அவர் திறமையால் அல்ல, கூட்டாளி சம்பாதித்த புள்ளியால்.

பாடம்: யோவான் 21-ம் அதிகாரம். இயேசுவைத் தெரியாது என்று 3 முறை சொன்ன பேதுருவின் கதை. ஆட்டத்தில் சொன்னால் அவர் அவுட். ஆனால் கடற்கரையில் இயேசு அவரைக் கூப்பிட்டு, அன்பாயிருக்கிறாயா என்று 3 முறை கேட்டு, மீண்டும் வேலையை ஒப்படைத்தார். பரீட்சையில் பெயிலான அண்ணன், திட்டு வாங்கி மூலையில் அழும் தங்கச்சி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை புரியும். வெளியே போனவனுக்குத் திரும்ப வர வழி உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்து இழுக்கும் கபடி வேண்டாம். தொட்டால் போதும் என்று விதியை மாற்றிக்கொள்ளலாம். தரை மணலாகவோ, கொத்திப் போட்ட மண்ணாகவோ இருப்பது நல்லது.

3-ம் நாள்: கோ-கோ

கோ-கோவில் துரத்தும் அணியில் 9 பேர். 8 பேர் வரிசையாக, ஒருவர் இந்தப் பக்கம், அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் துரத்துவார். அவருக்கு மூச்சு வாங்கினால், உட்கார்ந்திருப்பவரின் முதுகில் தொட்டு 'கோ' என்று சொன்னதும் அவர் எழுந்து ஓடுவார். எவ்வளவு வேகமானவனாக இருந்தாலும் தனியாக ஜெயிக்க முடியாத ஆட்டம் இது.

பாடம்: 2 தீமோத்தேயு 1-ம் அதிகாரம். தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது? பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் வழியாக வந்தது என்கிறார் பவுல். பாட்டி அம்மாவைத் தொட்டாள், அம்மா மகனைத் தொட்டாள் என்று சொன்னால் பசங்க டக்கென்று பிடித்துக்கொள்வார்கள்.

வீட்டுப்பாடம்: பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்கள் சின்ன வயதில் விளையாடிய ஒரு ஆட்டத்தைக் கேட்டு வந்து, மறுநாள் மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். பாண்டி, கல்லா மண்ணா, கிட்டிப்புள், பல்லாங்குழி எதுவாகவும் இருக்கலாம்.

4-ம் நாள்: கயிறு இழுத்தல்

முதலில் ஒரு சின்ன சோதனை. ஒரு தையல் நூலைக் கொடுத்து அறுக்கச் சொல்லுங்கள். அறுந்து விடும். மூன்று நூலைச் சேர்த்து முறுக்கிக் கொடுங்கள். சுலபத்தில் அறுக்க முடியாது. விசைத்தறி ஓடும் சங்கரன்கோவில் பகுதிப் பிள்ளைகளுக்கு நூலின் கதையைச் சொல்லியா தர வேண்டும்?

பாடம்: பிரசங்கி 4-ம் அதிகாரம். ஒருவன் விழுந்தால் கூட இருப்பவன் தூக்கி விடுவான், முப்புரி நூல் சீக்கிரம் அறாது என்ற கருத்து இதில் வருகிறது.

அணி பிரிக்கும்போது ஒரே தெரு, ஒரே சொந்தக்கார வீட்டுப் பிள்ளைகள் ஒரே அணியில் சேராமல் கலந்து விடுங்கள். தலைவர்களைப் பிடித்த ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கடைசி வரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளையின் மனசு ஆறாது. சீட்டு எடுக்கச் சொல்வதே சரி.

கவனம்: கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள விடக் கூடாது. நைலான் கயிறு கையை அறுக்கும். பருத்திக் கயிறோ தேங்காய் நார்க் கயிறோ நல்லது.

5-ம் நாள்: குரல் கேட்டு நட

கடைசி நாள் இரண்டிரண்டு பேராக விளையாட வேண்டும். ஒருவரின் கண்ணைக் கட்டி விட்டு, அவருடைய ஜோடி தள்ளி நின்று குரல் கொடுத்து வழி காட்ட வேண்டும். சுற்றிலும் எல்லோரும் கத்துவார்கள். அத்தனை சத்தத்திலும் தன் ஜோடியின் குரலை மட்டும் பிடித்து நடப்பதுதான் ஆட்டம். பாடம்: யோவான் 10-ம் அதிகாரம், மேய்ப்பனின் குரலை அறியும் ஆடுகள். கிடை போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கதை

12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எரிக் லிடெல் கதை ஏற்றது. ஸ்காட்லாந்து வீரரான அவர், 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தார். அதன் பிறகு 400 மீட்டரில் 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 200 மீட்டரில் வெண்கலமும் கிடைத்தது.

இதோடு பலரும் கதையை முடித்து விடுகிறார்கள். மிச்சத்தையும் சொல்ல வேண்டும். பிறகு அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். 2-ம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தது. அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அவர்தான் விளையாட்டு சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி விளையாடியபோது பசங்களுக்குள் சண்டை மூண்டது. ஒலிம்பிக்கிலேயே ஞாயிற்றுக்கிழமை ஓடாத அந்த மனிதர், பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை நடுவராக நின்றார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே மூளைக்கட்டியால் இறந்தார். தனக்கென்றால் கண்டிப்பு, பிள்ளைகளுக்கென்றால் இரக்கம். முகாம் நடத்துகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

நடத்துபவர்கள் கவனத்துக்கு

* வெயில்: மே மாத வெயில் லேசுப்பட்டதல்ல. ஓடும் விளையாட்டை காலை 10 மணிக்குள் முடித்து விட வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு வையுங்கள். நடுப்பகலில் கதை, கைவேலை, பல்லாங்குழி போதும்.

* தண்ணீர்: தாகம் என்று பிள்ளை கேட்கும் வரை காத்திருக்காமல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் குடிக்க வையுங்கள். தலைசுற்றல், வாந்தி, உளறல் வந்தால் நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறி, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மயக்கமாக இருக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

* உடல்நிலை: வீசிங், வலிப்பு, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் யார் என்று முதல் நாளே பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஓட முடியாத பிள்ளைக்கு விசில், ஸ்கோர் நோட்டு என்று நிஜமான வேலை கொடுங்கள்.

* குளியல்: கிணறு, குளம், அணைக்கட்டுக்குக் கூட்டிப் போவது வேண்டவே வேண்டாம்.

* பாதுகாப்பு: எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இருவர் இருக்க வேண்டும். தவறு நடந்தது தெரிந்தால் மறைப்பதும் குற்றம். போலீசில் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் சொல்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

* சம்மதம்: பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் விளையாட ஆசைப்பட்டு வருவார்கள். இது வேத பாடமும் சேர்ந்த முகாம் என்பதை அவர்கள் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே சேர்க்க வேண்டும். பாடம் வேண்டாம் என்றால் விளையாட்டோடு விட்டு விடலாம்.

* பரிசு: முதல், இரண்டாம் பரிசோடு நிறுத்தாமல், விழுந்தவனைத் தூக்கி விட்டவர், தோற்றும் கை குலுக்கியவர், தினமும் பாய் சுருட்டி வைத்தவர் என்று பார்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

காய்ந்து போன கிரீடம்

நிறைவு விழாவுக்குப் பெற்றோரையும் அழைத்து, முதல் நாள் செய்த மாவிலைக் கிரீடங்களை எடுத்துக் கொடுங்கள். பச்சையாக இருந்த இலை சுருண்டு, தொட்டாலே நொறுங்கும். பவுல் சொன்ன வாடும் கிரீடம் எது என்று அப்போது யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் வந்த பையனின் கிரீடமும் காய்ந்திருக்கும், கடைசியில் வந்த பிள்ளையின் கிரீடமும் காய்ந்திருக்கும். ஆனால் எலுமிச்சை விழுந்தபோது காத்திருந்த தோழியையும், கபடியில் தன்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்ட அண்ணனையும் அந்தப் பிள்ளை மறக்காது. பள்ளி திறந்த பிறகும் அது கூடவே இருக்கும்.