மும்பையின் மழைப்பதிவு: கொலாபா ஏடுகளிலிருந்து நினைவக அட்டை வரை

2005 ஜூலை 26 காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரையிலான 24 மணிநேரத்தில் மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே காலத்தில் நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது ஏறத்தாழ 74 மில்லிமீட்டர். இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 20 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். தமிழர் பல தலைமுறைகளாக வாழும் தாராவியும் மாதுங்காவும் செம்பூரும் வரைபடத்தில் சாந்தாகுரூஸுக்குத் தெற்கிலும் கொலாபாவுக்கு வடக்கிலுமாக அமைந்தவை. அன்று அப்பகுதிகளில் எவ்வளவு மழை பெய்தது என்னும் வினாவுக்கு இவ்விரு எண்களைக் கொண்டு விடை காண இயலாது. 74க்கும் 944க்கும் இடையே எந்த எண்ணும் பொருந்தக்கூடியதே.

நாள் முழுமைக்குமான கூட்டுத்தொகை கிடைத்தாலும் போதாது. மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள், கடல் தாழ்ந்திருக்கும் வேளையில் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை வெளியேற்றும் அளவுக்கே அமைக்கப்பட்டவை. 1993ஆம் ஆண்டின் பிரிம்ஸ்டோவாட் அறிக்கை அத்திறனை மணிக்கு 50 மில்லிமீட்டராக உயர்த்தப் பரிந்துரைத்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே மணிநேரத்தில் பெய்தது சுமார் 190 மில்லிமீட்டர். பிற்பகலில் கடல் ஏற்றம் 4.48 மீட்டரைத் தொட்டது. விகார், பவாய் ஏரிகளின் உபரிநீரைச் சுமந்துவரும் மித்தி ஆறு, தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகத்தில் கலக்கிறது; கடல் உயர்ந்திருந்த நேரத்தில் அந்நீருக்குப் போக்கிடம் இல்லை. மும்பையில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்த மணியில், எந்தப் பகுதியில், எவ்வளவு பெய்தது என்பது இங்கு உயிர் சார்ந்த வினா.

பதிவின் கால இடைவெளியே அதன் பயனை வரையறுக்கிறது என்பதற்கு மும்பையிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. கொலாபா கண்காணிப்பகம் 1826இல் கிழக்கிந்தியக் கம்பெனியால் நிறுவப்பட்டது. 1840களில் புவிகாந்த அளவீடுகள் அங்குத் தொடங்கின. உதவியாளர்கள் காந்தமானியைக் கண்ணால் நோக்கி, மணிதோறும் அளவுகளை ஏட்டில் எழுதினர். காந்தப்புயலின்போது இடைவெளியைக் குறைத்து அடிக்கடி எழுதினர். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியனில் பேரொளி வெடிப்பைக் கண்டார். மறுநாள் உலகெங்கும் காந்தப்புயல் வீசியது. இலண்டனை அடுத்த கியூ கண்காணிப்பகத்தில் ஒளிப்படத்தாளில் தானே பதியும் கருவியின் கோடு தாளின் எல்லைக்கு வெளியே சென்றுவிட்டது. கொலாபாவில் மனிதர் கையால் எழுதிய எண்கள் எஞ்சின. அவற்றைக் கொண்டு 2003இல் சுருட்டானி, கொன்சாலஸ், லகினா, அலெக்ஸ் ஆகிய நால்வரும், புவிகாந்தத்தின் கிடைக்கூறு அங்கு ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா வீழ்ந்ததை வெளியிட்டனர். 144 ஆண்டுகள் கழித்து எழுந்த வினாவுக்கு அந்த ஏடு விடை அளித்தது. அதை எழுதியவர்களுக்கு அவ்வினாவே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

2005 வெள்ளத்திற்குப் பின் மும்பை மாநகராட்சி, தீயணைப்பு நிலையங்கள் முதலிய கட்டடங்களின் மேல்தளங்களில் தானியங்கி மழைமானிகளை நிறுவத் தொடங்கியது. 15 நிமிடத்திற்கு ஒருமுறை அளவு பெறுவது நடைமுறைக்கு வந்தது. நகரங்களில் 4 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி மழைமானி வேண்டும் எனத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. மழைக்காலச் செய்திகளில் தாராவி, செம்பூர் எனத் தனித்தனி அளவுகள் இன்று இடம்பெறுவது இம்மாற்றத்தின் விளைவே.

இவ்வகை மழைமானி பெரும்பாலும் கவிழ்கலன் முறையில் இயங்குவது. புனலின் கீழ், ஊஞ்சற்பலகைபோல் சாயும் இரு சிறு கலன்கள் உள்ளன. ஒன்று குறித்த அளவு நிரம்பியதும் கவிழ்ந்து மற்றொன்றுக்கு இடம் விடுகிறது. ஒவ்வொரு கவிழ்வும் ஒரு மின்துடிப்பு. அத்துடிப்புகளை எண்ணி, கடிகாரச் சில்லிலிருந்து நேரத்தைப் பெற்று, இரண்டையும் ஒரு வரியாக்கி நினைவக அட்டையிலுள்ள கோப்பில் சேர்ப்பது மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தியின் பணி. எஸ்டி அட்டைகள் 2000ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தன. இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ பலகை உருவானது, மும்பை வெள்ளம் நிகழ்ந்த அதே 2005இல். முன்பு பெரும் நிறுவனங்களுக்கே இயன்ற பதிவுக்கருவி, இவற்றின் பின் கல்லூரி ஆய்வகத்தின் கைக்கும் எட்டியது.

ஆயினும் கருவி மலிந்ததால் பதிவு உறுதியாகிவிடவில்லை. ஆர்டுயினோ யூனோவின் ஏடிமெகா328பி சில்லில் உள்ள தற்காலிக நினைவகம் 2048 பைட் மட்டுமே. அட்டையோ 512 பைட் கொண்ட தொகுதிகளாகவே தரவை ஏற்கிறது. எனவே நிரல், வரிகளை முதலில் தற்காலிக நினைவகத்தில் திரட்டி, ஒரு தொகுதி நிரம்பிய பின்னரே அட்டைக்கு அனுப்புகிறது. ஒரு வரிக்கு 32 பைட் எனில் ஒரு தொகுதிக்கு 16 வரிகள். 15 நிமிடத்திற்கு ஒரு வரி எனில் அது 4 மணிநேரத் தரவு. தொகுதி நிரம்பும் முன் மின்சாரம் நின்றால் அதுவரை திரண்ட வரிகள் அனைத்தும் தடயமின்றி அழியும். அட்டைக்குச் சென்ற தரவும் முழுமையாகத் தப்புவதில்லை. கோப்பின் நீளம் அதன் அட்டவணைக் குறிப்பில் புதுப்பிக்கப்படாவிட்டால், எழுதப்பட்ட வரிகள் அட்டையில் இருந்தும் கணினிக்குப் புலப்படா.

மின்சாரம் நிற்பதும் தொலைத்தொடர்பு அறுவதும் பெருமழை நாளில்தான். 2005 ஜூலை 26 அன்று மும்பை இரண்டையும் கண்டது. ஆகவே, அளவை உடனுக்குடன் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் நிலையத்துக்கும் தன் மடியில் ஒரு கோப்பு தேவை. அக்கோப்பும் வரிதோறும் அட்டையில் உறுதிசெய்யப்பட வேண்டும். இதற்குச் சற்றுக் கூடுதல் மின்சாரம் செலவாகும், அட்டையின் ஆயுளும் சிறிது குறையும். நாளுக்கொரு கோப்பு தொடங்கினால் சிதைவு அந்நாளோடு நிற்கும். மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் இல்லையேல் எண்கள் இருந்தும் நேரம் இராது. கடும்மழையில், கவிழும் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராமல் போவதால் கலன் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். அதற்கான திருத்தத்தை முன்கூட்டியே அளந்து வைத்தல் வேண்டும்.

கொலாபா உதவியாளர் ஏட்டில் மை காய்ந்தவுடன் அந்த எண் உலகுக்கு உரியதாயிற்று. நினைவக அட்டையில் அதே நிலையை எட்ட, வரியை உடனே உறுதிசெய்யும் ஒரு கட்டளையை நிரலில் எழுதியாக வேண்டும். மித்திக் கரையின் வடிகால் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், தாராவியின் புதிய கட்டடங்களின் தரைமட்டம் எவ்வளவு உயர வேண்டும் என நாளை முடிவு செய்வோர் நாடுவது அப்பகுதியின் மணிநேர மழைக் கணக்கை. அது இல்லாத இடத்துக்கு வேறோர் இடத்தின் எண்ணே அளவுகோலாகும். 2005இல் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் நேர்ந்தது அதுவே.