பனிக்காலத்து ஒற்றையடிப் பாதைகள்

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி. அதற்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்தார் தொல்காப்பியர். ஐப்பசி முதல் தை வரையான நான்கு மாதங்கள் அவை. மேனாட்டாரின் இலையுதிர்காலம் இலங்கையில் இல்லை. ஆயினும் கூதிரின் வாடையையும் முன்பனியின் நடுக்கத்தையும் அறிய விரும்புவோர், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்குச் செல்லலாம். தை மாதத்து விடியலில் அங்கே புல்நுனியில் பனி உறைந்து கிடக்கும். சில நாட்களில் அது தேயிலைக் கொழுந்தையே கருக்கிவிடும்.

மழை ஓய்ந்து வானம் வெளிக்கும் இந்தப் பருவத்தில் மலைப் பாதைகளில் நடப்பதை நான் பெரிதும் விரும்புகிறேன். நகரின் அருகே ஒற்றைமரக் குன்று, தெற்கே ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு, ஹப்புத்தளைக்கு அப்பால் தம்பேதென்ன தோட்டத்து உச்சியிலுள்ள லிப்டன் இருக்கை என நடப்பதற்குரிய இடங்கள் பல. அண்மை ஆண்டுகளில் கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ' நடைபாதையும் வகுக்கப்பட்டது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். அதன் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று; பழைய தோட்டப் பாதைகளைத் தொடுத்து அமைத்ததே.

நேயர்களே, அந்தப் பழைய பாதைகளை வெட்டியவர் யார்?

நுவரெலியாவின் வரலாற்றை எழுதியோர் 1819 இல் அங்கு சென்ற வைத்தியர் ஜோன் டேவியைச் சொல்வர். 1848 இல் வந்து குடியேறிய சாமுவேல் பேக்கரைச் சொல்வர். காட்டை அழித்துக் கோப்பி நட்ட கைகளுக்குப் பெயர் இல்லை. தமிழகத்துக் கிராமங்களில் வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, கங்காணியின் பின்னே வந்தவர்கள் அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடே ஏறத்தாழ 150 மைல் கால்நடையாக மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். குறிஞ்சிக்கு வந்தவர்கள் பாலையைக் கடந்தே வந்தார்கள். தொடக்க காலத்தில் கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, அறுவடை முடிந்ததும் அதே வழியாக ஊர் திரும்பியோரும் உண்டு.

மலையில் நடக்கும்போது இரண்டு வகையான பாதைகளை நான் காண்கிறேன். ஒன்று, துரைமார் அளவுகோல் வைத்து வகுத்தது. மலைச்சரிவை அணைத்து, வளைந்து வளைந்து மெல்ல ஏறுவது. கோப்பி மூட்டை சுமப்பவனும் துரையின் குதிரையும் ஏறுவதற்கு ஏற்ற சாய்வு அதில் உண்டு. மற்றையது 'குறுக்கு'. லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும், கோயிலுக்கும் நேராக ஏறி இறங்குவது. இதை யாரும் திட்டமிடவில்லை. விடியுமுன் பிரட்டுக்கு ஓடிய பெண்களின் பாதங்களே இதைப் போட்டன. முன்னையது தோட்டத்து வரைபடத்தில் இருக்கும். பின்னையது மனிதரின் நினைவில் மட்டுமே இருக்கும்.

பாதைகளை வெட்டியவர்களுக்கு அவற்றில் விரும்பியபடி போகும் உரிமை இருக்கவில்லை என்பதே இந்த வரலாற்றின் கொடிய முரண். அந்நாளில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இந்தத் தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவனுக்கு அடுத்த மலையில் வேலை கிடையாது. கடனோ பெரும்பாலும் வழிச்செலவிலேயே தொடங்கிவிடும். அதாவது, மன்னாரிலிருந்து நடந்த நடையே அவன் காலுக்கு விலங்காயிற்று. 1921 இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதற்கிடையே 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. லூல்கந்துரவில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை மலையெங்கும் பரவிற்று. புகையிரதம் 1885 இல் நானுஓயாவுக்கும் 1924 இல் பதுளைக்கும் வந்தது. பயிர் மாறிற்று, வண்டி மாறிற்று. குறுக்கில் ஏறிய கால்கள் மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்தக் கால்களுக்கு உரியவர்களையே நாடற்றவர் ஆக்கியது. எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்த சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'பீக்கோ' பாதை பூண்டுலோயாவைத் தொட்டுச் செல்கிறது. அங்குள்ள மடகும்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சில் ஏற்றியவர். பாடல்களுக்கு அவர் செய்ததைப் பாதைகளுக்கு யார் செய்வது? 2023 இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தே சென்றனர். அது ஒரு நல்ல தொடக்கம்.

ஒவ்வொரு குறுக்குக்கும் தோட்டத்து முதியவர்களிடம் ஒரு பெயரும் ஒரு கதையும் இருக்கும். தூரத்தையும் உயரத்தையும் சொல்லும் கைகாட்டிப் பலகையில் அந்தப் பெயருக்கும் இரண்டு அங்குல இடம் வேண்டும். இந்தப் பனிக்காலத்தில் மலையேறும் அன்பர்கள் உச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பாருங்கள். இறங்கும்போது கொழுந்துக்கூடையோடு எதிர்ப்படும் பெண்மணிக்கு வழிவிட்டு நின்று, "இந்தக் குறுக்குக்கு என்ன பேரம்மா?" என்று கேளுங்கள். எழுதப்படாத வரலாற்றின் முதல் வரி அவரிடம் இருக்கிறது.