பரணில் கிடக்கும் பொக்கிஷம்

காலை வேளையில் காபி டம்ளரும் கையுமாக வானொலிப் பெட்டி முன் உட்கார்ந்து, தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்களின் 'இன்று ஒரு தகவல்' கேட்டுச் சிரித்த நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அவர் 2009-ல் மறைந்தார். அந்தத் தகவல்கள் புத்தகங்களாகவும் வந்ததால் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் வாயால் சொன்ன எத்தனையோ கதைகளும் நகைச்சுவையும் சொன்னவரோடே போய்விட்டன. எழுதி வைத்த ஏடுகூட, யாரும் தேடி எடுக்காவிட்டால், இருந்தும் இல்லாததுதான். இதற்கு நம் திருப்பதியிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது.

நம் காளமேகத்தின் தனிப்பாடல்களைப் போலத் தெலுங்கில் 'சாடு' பாடல்கள் உண்டு. அரசவையில் அடித்த கேலி, சமையல்காரரைப் பற்றிய கிண்டல், கஞ்சனுக்கு விட்ட சூடு என்று எல்லாம் நாலு அடியில் அடங்கும். ஒரு நூலிலும் சேராமல், வாய்க்கு வாய் தாவி வந்தவை அவை. சென்னை அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பணிபுரிந்த வேடூரி பிரபாகர சாஸ்திரி (1888–1950) இவற்றைத் தேடிச் சேர்த்து, 'சாடுபத்ய மணிமஞ்சரி' என்ற பெயரில் அச்சிட்டார். பெரிய காவியங்களைப் பதிப்பிக்க வேண்டிய பண்டிதர், சிரிக்க வைக்கும் துணுக்குகளுக்காக அலைவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் எப்படிச் சிரித்தார்கள், யாரைக் கேலி செய்தார்கள் என்பதைக் காவியம் சொல்லாது, இந்தத் துணுக்குதான் சொல்லும்.

அதே வேடூரிக்குத் திருப்பதியில் இன்னும் பெரிய வேலை காத்திருந்தது. தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் (1408–1503) 32,000 சங்கீர்த்தனங்கள் பாடியதாக அவர் பேரன் சின்னன்னா எழுதிய சரித்திரம் கூறுகிறது. தத்துவம் மட்டுமல்ல, தாலாட்டு, ஏலேலோ, ஊடலும் கேலியும் எல்லாம் அதில் உண்டு. குடும்பத்தார் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிறு அறையில் வைத்தார்கள். காலப்போக்கில் அந்த அறையை எல்லோரும் மறந்தார்கள்.

முற்றிலும் மறந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஏ.டி. காம்ப்பெல் என்ற ஆங்கிலேயர் 1816-ல் அச்சிட்ட தம் தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையில் இந்த ஏடுகளைக் குறிப்பிடுகிறார். அவற்றில் பழைய இலக்கண நூல் இருக்குமோ என்று ஆசைப்பட்டுப் பார்க்கச் செய்தாராம். இருந்தவை வெறும் தெய்வத் துதிகளே என்று தெரிந்ததும் விஷயம் அதோடு முடிந்தது! தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதால் அத்தனை பெரிய புதையல் மேலும் நூறு ஆண்டுகள் இருட்டில் கிடந்தது.

1920-களில் தேவஸ்தானத்தின் சாசன ஆய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி இந்த ஏடுகளை வெளிக்கொணர்ந்தார். பின்னர் 1939-ல் திருப்பதியில் ஏற்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவர கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்ற வேடூரி, பதிப்பு வேலையை முன்னெடுத்தார். சின்னன்னாவின் சரித்திரத்தையும் நீண்ட முன்னுரையோடு அச்சேற்றியவர் அவரே. 1950-ல் அவர் காலமானபின் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) அந்தப் பணியைத் தொடர்ந்தார். ஏடுகளில் ராகத்தின் பெயர் இருந்ததே தவிர ஸ்வரம் இல்லை. ஆகவே அவர் நூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனங்களுக்குத் தாமே மெட்டமைத்தார். 1974-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. பின்னாளில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி, அன்னமய்யா வீடுதோறும் வந்து சேர்ந்தார். இன்று கிடைத்திருப்பவை 12,000-க்கும் மேல். அப்படியானால் பாடியதில் பாதிக்கு மேல் போயே போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

செம்பில் பொறித்ததற்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுக் காகிதத்தின் கதி என்ன? தாத்தாவின் காலட்சேபக் குறிப்பு, வானொலிக்கென்று யாரோ எழுதிப் படித்த பேச்சு, சபா நாடகத்தின் கையெழுத்துப் பிரதி, பாட்டியின் நலங்குப் பாட்டு நோட்டு — வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் முதலில் போவது இவைதான். "இதில் என்ன இருக்கிறது, வெறும் தமாஷ்தானே" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். காம்ப்பெல் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே!

சித்தூர், திருப்பதி, ஸ்ரீ சிட்டி பக்கம் வசிக்கும் நம் அன்பர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, அந்தப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நோட்டு கிடைத்தால் யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று தனிக் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள். கைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். எழுத்து புரியாவிட்டால் வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லிக் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நோட்டு இன்னும் சில காலம் காத்திருக்கும். படித்துச் சொல்லும் பெரியவர் காத்திருக்க மாட்டார்.