நியமகிரியும் பன்னிரண்டு ஊர்ச்சபைகளும்

இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளை ஆராய்ந்த டி. எல். வாக்கர் என்னும் நிலவியலறிஞர், அங்கே மிகுந்து காணப்படும் ஒருவகைப் பாறைக்கு 1902-ஆம் ஆண்டில் கோண்டலைட்டு என்று பெயர் சூட்டினார். அம்மலைகளில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் கோந்தர் என்னும் பழங்குடியினரின் பெயரே பாறைக்கும் ஆயிற்று. அப்பாறை பன்னெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் கிடந்து சிதைந்து, மலையுச்சிகளில் செந்நிறப் போர்வையாகத் தங்கியிருக்கிறது. அதுவே பாக்சைட்டு, அலுமினியத்தின் மூலப்பொருள். ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரைப் பாறைக்கு ஈந்த உலகம், ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அப்பாறையின் பயனுக்காக அம்மக்களிடமே சென்று மலையைக் கொடுங்கள் என்று கேட்டது. அவர்கள் கொடுக்கவில்லை. கேட்டது யார், மறுத்தது எவ்வாறு, மறுப்பு எங்ஙனம் சட்டமாயிற்று என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

தமிழாசிரியர்களுக்குக் கோந்தர் முற்றும் அயலார் அல்லர். கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திருந்தாத திராவிட மொழிகள் என்று அவர் வகுத்தவற்றுள் கோந்தர் மொழியும் ஒன்று. (திருந்தாத என்னும் அடைமொழியை இன்று எவரும் விரும்பார், அது அக்காலத்து வழக்கு.) இம்மக்களுள் ஒரு பிரிவினராகிய டோங்கிரியா கோந்தர் பேசுவது கூவி மொழி. அவர்கள் ‘நான்’ என்பதற்கு நானு என்பர்; கண்ணைக் கனு என்பர்; வீட்டை இல்லு என்பர். நம் இல் அங்கே இல்லு. அவ்வட்டாரத்து மலைப்பெயர்கள் பல தேவமாலி, பாஃப்லிமாலி என மாலி என்றே முடிவதைக் காணும்போது நம் மலை என்னும் சொல் நினைவுக்கு வாராமற் போகாது. ஆயினும் ஒலியொற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு முடிவு கட்டுவது மொழிநூலார்க்கு அழகன்று. மாணவர்க்கு இதனைச் சொல்லும் ஆசிரியர்கள் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

டோங்கர் என்றால் ஒடியா மொழியில் மலை. மலைவாசிகள் என்பதே டோங்கிரியா என்பதன் பொருள். ஒடிசா மாநிலத்தில் ராயகடா, காளஹண்டி என்னும் இரு மாவட்டங்களின் எல்லையில் நியமகிரி மலைத்தொடர் நிற்கிறது. அங்கே வாழும் டோங்கிரியர் ஏறத்தாழ 8,000 பேர். மலைச்சரிவுகளில் கேழ்வரகும் பிற சிறுதானியங்களும் விளைவிக்கிறார்கள். மஞ்சள், இஞ்சி, அன்னாசி, ஆரஞ்சு, வாழை ஆகியவற்றைப் பயிரிட்டு, அடிவாரச் சந்தைகளுக்குச் சுமந்துசென்று விற்கிறார்கள். காட்டில் வாழ்வோர் என்றதும் வேட்டையாடித் திரிவோர் என்று எண்ணிவிடலாகாது; இவர்கள் கைதேர்ந்த தோட்டக்காரர்கள்.

அவர்களுடைய தெய்வத்தின் பெயர் நியமராசன். நியமம் என்னும் சொல்லை நாம் நன்கறிவோம்: ஒழுங்கு, விதி, சட்டம். ஆகவே அவர்கள் வணங்குவது சட்டத்தின் அரசனை. தாங்கள் அவனுடைய வழித்தோன்றல்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவன் வகுத்த விதிகளுள் ஒன்று, மலையுச்சியிலுள்ள மரங்களை வெட்டலாகாது என்பது. இதனை வெறும் பக்தி என்று தள்ளிவிடுவாரும் உளர். ஆனால் உச்சியிலுள்ள நுண்துளைகள் நிறைந்த மண்ணடுக்கு மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஊற்றாகக் கசியவிடுகிறது. ஆந்திரத்தின் வழியாகச் சென்று வங்கக் கடலில் விழும் வம்சதாரை ஆறு இம்மலையிலேதான் தோன்றுகிறது. நீரைக் காக்கும் விதியைத் தெய்வத்தின் வாயில் வைத்த முன்னோர் அறிவிலிகள் ஆகமாட்டார்கள்.

இனிக் கம்பெனியின் வரவைப் பார்ப்போம். பாட்னாவில் பிறந்த அனில் அகர்வால் என்பவர் நிறுவிய வேதாந்தா ரிசோர்சஸ் என்னும் கம்பெனி 2003-ஆம் ஆண்டு இலண்டன் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. உலகப் பற்றை விடச்சொல்லும் தத்துவத்தின் பெயரை மண் தோண்டும் ஒரு வாணிகக் கழகம் சூடிக்கொண்டதை என்னென்பது! அதே ஆண்டில் மாநில அரசாங்கத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. மலையடிவாரத்திலுள்ள லாஞ்சிகடில், ஆண்டுக்கு 10 இலட்சம் டன் அலுமினா காய்ச்சும் ஆலை; அதற்கு வேண்டிய பாக்சைட்டு நியமகிரி உச்சியிலிருந்து ஆண்டுக்கு 30 இலட்சம் டன். சுரங்கத்துக்காகக் கேட்கப்பட்ட காட்டுநிலம் 660 எக்டேருக்கும் மேற்பட்டது.

இங்கே ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஆலை வேறு, சுரங்கம் வேறு என்று விண்ணப்பங்கள் பிரிக்கப்பட்டன. ஆலைக்குக் காட்டுநிலம் தேவையில்லை என்று முதலில் சொல்லி, பின்னர் ஏறத்தாழ 59 எக்டேர் காட்டுநிலம் கேட்கப்பட்டது. சுரங்கத்துக்கு இசைவு கிடைக்கும் முன்னரே ஆலை எழும்பிவிட்டது. பல கோடி செலவிட்டு ஆலையைக் கட்டிவிட்டால், ‘இனி மலையைத் தராமல் எப்படி?’ என்று கேட்கலாம் அல்லவா! உச்ச நீதிமன்றம் அமைத்த நடுவண் உயரதிகாரக் குழு 2005-இல் இம்முறைகேட்டைச் சுட்டிக்காட்டி, ஆலைக்கு அளித்த இசைவை நீக்கவேண்டும் என்று எழுதியது. ஆயினும் ஆலை நின்றபாடில்லை.

நீதிமன்றத்தின் போக்கும் முதலில் மலைமக்களுக்குச் சாதகமாக இல்லை. நோர்வே நாட்டு அரசாங்க ஓய்வூதிய நிதி, ஒழுக்கக் காரணங்களைக் காட்டி 2007-இல் வேதாந்தாவிலிருந்து தன் முதலை விலக்கிக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனையும் கருதி அக்கம்பெனிக்கு இசைவு மறுத்தது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெர்லைட் கம்பெனி நிபந்தனைகளை ஏற்று வரலாம் என்றது. 2008 ஆகஸ்டில் ஸ்டெர்லைட்டுக்குக் கதவு திறந்தது. ஆண்டு இலாபத்தில் 5 விழுக்காடு, அல்லது 10 கோடி ரூபாய், எது மிகுதியோ அது அவ்வட்டார வளர்ச்சிக்குச் செலவிடப்படவேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று.

கோந்தர் சும்மா இருந்தார்களா? இல்லை. அவர்களுக்கு எதிர்ப்பு புதிதன்று. கும்சூர் பகுதியில் 1835 முதல் 1837 வரை ஆங்கிலேயரோடு பொருதவர்கள். 1882-இல் காளஹண்டியில் நிலத்தைப் பறித்துக்கொண்ட குடியேறிகளுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள். அண்மைக் காலத்துப் பாடமும் ஒன்றுண்டு. அண்டையிலுள்ள காசிப்பூர் வட்டாரத்தில், அயல்நாட்டு முதல் கலந்த மற்றொரு பாக்சைட்டுத் திட்டத்தை எதிர்த்தவர்கள்மீது 2000 டிசம்பர் 16-ஆம் நாள் மைகாஞ்சு என்ற சிற்றூரில் போலீசார் சுட்டனர், மூவர் மாண்டனர். அங்கே நோர்வே நாட்டுக் கம்பெனி விலகிக்கொண்டபோதிலும், திட்டம் வேறு கைகளில் தொடர்ந்து, பாஃப்லிமாலியில் இன்று சுரங்கம் நடக்கிறது. எதிர்த்த எல்லோரும் வென்றுவிடவில்லை. நியமகிரி மக்கள் இதை அறிந்தே பாதைகளை மறித்தார்கள். 2009 சனவரியில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து மலையைச் சுற்றி நின்றார்கள். நியமகிரிப் பாதுகாப்புச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் லாடோ சிகாகா என்னும் டோங்கிரியர்.

வெளிநாட்டுச் சங்கங்கள் இம்மக்களுக்காகக் குரல் கொடுத்தன. அந்நாளில் உலகெங்கும் ஓடிய ‘அவதார்’ திரைப்படத்தோடு ஒப்பிட்டு விளம்பரமும் செய்தன. அதனாற் பயன் விளைந்தது மெய்யே. 2010-இல் இங்கிலாந்துத் திருச்சபையும் தன் பங்குகளை விற்றுவிட்டது. ஆயினும் நீல நிறக் கற்பனை மாந்தரோடு இம்மக்களை ஒப்பிட்டது எனக்கு உவப்பாக இல்லை. சந்தைக்கு அன்னாசி சுமக்கும் உழவரைப் பட்டப்பகலில் உழவராகவே காண்பது இவ்வளவு அரிதா?

வரலாற்றின் திருப்பம் ஒரு சட்டத்தினால் நேர்ந்தது. 2006-இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் உரிமைகளை ஊர்ச்சபையே முதலில் ஆராய்ந்து சொல்லவேண்டும் என்று வகுத்தது. என். சி. சக்சேனா தலைமையில் அமைந்த குழு 2010 ஆகஸ்டில் தந்த அறிக்கை, அச்சட்டம் நியமகிரியில் மீறப்பட்டதை எடுத்துக்காட்டியது. சில நாட்களில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் இசைவை மறுத்தார். மாநில அரசின் ஒடிசாச் சுரங்கக் கழகம் வழக்குத் தொடர்ந்தது. 2013 ஏப்ரல் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நியமராசனை வழிபடும் உரிமைக்குச் சுரங்கத்தினால் ஊறு நேருமாயின் அவ்வுரிமை காக்கப்படவேண்டும், ஊறு நேருமா நேராதா என்பதை ஊர்ச்சபைகள் மூன்று மாதத்தில் முடிவு செய்யட்டும், மாவட்ட நீதிபதி தகுதியுள்ள ஒருவர் உடனிருந்து பார்க்கட்டும்.

பாதிப்பு நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உண்டென்று நடுவணரசின் பழங்குடி அமைச்சு கருதியது. மாநில அரசாங்கமோ பன்னிரண்டே ஊர்களைத் தெரிந்தெடுத்தது: ராயகடாவில் ஏழு, காளஹண்டியில் ஐந்து. 2013 சூலை 18-ஆம் நாள் செர்க்காபாடியில் முதற் சபை கூடியது. அடைமழைக் காலம், ஆயுதப் போலீசாரின் காவல், நீதிபதி ஒருபுறம், எழுத்தர்கள் ஒருபுறம். வழிபாட்டிடங்கள் என்று அதிகாரிகள் அளந்து குறித்து வந்த சிறு சிறு துண்டு நிலங்களை ஊரார் ஏற்கவில்லை. நியமராசன் குடியிருப்பது அந்தத் துண்டுகளில் அன்று, மலை முழுவதுமே என்றார்கள். ஊற்றுகளைச் சொன்னார்கள், பழமரங்களைச் சொன்னார்கள். ஆகஸ்டு 19-ஆம் நாள் ஜராபாவில் கடைசிச் சபை கூடியது. பன்னிரண்டில் ஓர் ஊரேனும் பிறழவில்லை. எல்லாச் சபைகளும் வேண்டாம் என்றே முடிவுசெய்தன.

என்னைப் போன்ற பள்ளியாசிரியர்களுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கம்பெனியின் பணத்தால் பள்ளியும் மருத்துவமனையும் வரும் என்றார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு என்ன செய்தது என்பதைக் கண்ணாரக் கண்டவன் நான்; பள்ளிக்கூடத்தைச் சிறிதாக மதிக்க என்னால் முடியாது. அம்மலையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர் என்பதும் உண்மை. ஆனால் பள்ளிக்கூடம் நடத்துவது அரசாங்கத்தின் கடமை. அதை மலைக்கு ஈடாக விலைபேசுவது எந்த நியாயம்? மேலும் எழுத்தறியாதார் வாய்ச்சொல்லுக்கு, ஆயிரம் பக்க அறிக்கைகளுக்கு மேலான மதிப்பை ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே அளித்தது என்பதை நாம் வகுப்பறையில் எடுத்துச்சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஈய லம்பம் தோண்டிவிட்டுப் போன குட்டைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், 2015-இல் குவாந்தான் வட்டாரத்துப் பாதைகள் பாக்சைட்டுத் தூசியாற் சிவந்ததையும், அடுத்த ஆண்டு சனவரியில் அரசாங்கம் தோண்டுதலை நிறுத்திவைத்ததையும் செய்தித்தாளில் பார்த்தவர்கள். அவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

2014 சனவரியில் நடுவணரசு சுரங்கத்துக்கு முடிவாக இசைவு மறுத்தது. மீண்டும் ஊர்ச்சபைகளைக் கூட்ட வேண்டும் என்று சுரங்கக் கழகம் 2016-இல் கேட்டது. அவ்வாண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. லாஞ்சிகடு ஆலை மூடப்படவில்லை. வேறிடத்துப் பாக்சைட்டைக் கொண்டு அது இயங்கிவருகிறது. ஆலைக்காக நிலமும் வீடும் இழந்து குடிபெயர்ந்த அடிவாரத்துக் கோந்தர்க்கு, மலைமேல் கிடைத்த வெற்றியினால் நிலம் திரும்பவில்லை.

2023-ஆம் ஆண்டில், நியமகிரிக்கு அப்பாலுள்ள சிஜிமாலி என்னும் மற்றொரு மலையின் பாக்சைட்டு, ஏலத்தில் வேதாந்தாவுக்குக் கிடைத்தது. அங்குள்ள ஊரார் எதிர்த்தார்கள். ஆகஸ்டு மாதம் பலர் கைதானார்கள். அதே மாதம் நியமகிரிப் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒன்பது பேர்மீது கடுமையான சட்டமொன்றின் கீழ் வழக்கும் பதிவாயிற்று. கண்டனம் எழுந்தபின் அச்சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. சிஜிமாலி ஊரார் தங்களுக்கு முன்னுதாரணமாக எடுத்துக்காட்டுவது நியமகிரியின் பன்னிரண்டு சபைகளைத்தான்.